நாத்தனாருக்குக் கொடுத்த மாத்திரை

காதுக்குள் இரைச்சல் என்றால் யாரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வருவதில்லை. கட்டு கிடையாது, காய்ச்சல் கிடையாது. "அப்படியா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்பார்கள். (உன் காதிலா இரைகிறது?)

திருவானைக்காவலில் மாவு மில் நடத்துகிறேன். மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று, சில வருடங்களுக்கு முன் வலது காதில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வந்து உட்கார்ந்தது. மெஷினை நிறுத்தினாலும் அது நிற்காது. பிழைப்பே போய்விடும் போலிருந்தது. அரைபடும் சத்தத்தை வைத்துத்தான் தேய்ந்துபோன கல்லைக் கொத்த வேண்டுமா, மாவு சூடேறுகிறதா என்று கண்டுபிடிப்பேன். கல்லின் சத்தம் எது, காதின் சத்தம் எது என்று தெரியாமல் ஒருவர் வீட்டுக் கோதுமையைத் தீய்த்தே விட்டேன்.

அப்போதுதான் திருச்சியில் ஒரு காது ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி.

"ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே குடுக்கற மாத்திரைதாங்க. காது இரைச்சலுக்கும் கேக்குதான்னு பாக்கறோம். பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா? அப்புறம் என்னங்க டாக்டர்?" என்றேன்.

சிரித்தார். சேர்ந்துவிட்டேன். என் காதால் நாட்டுக்கே நல்லது நடக்கப்போகிறது என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் மாத்திரை போட்டேன். இரைச்சல் அசையவில்லை. கோபம் வந்தது. எனக்குக் கொடுத்தது டூப்புதான் என்று முடிவு கட்டினேன். ஆனால் நிரூபிக்க வேண்டுமே! ஸ்ரீரங்கத்தில் என் நாத்தனார் மல்லிகா இருக்கிறாள். ஒற்றைத் தலைவலியில் அவளை அடிக்க ஊரில் ஆள் கிடையாது. ஒரு நாள் வலி என்று போன் வந்ததும் மில்லைப் பூட்டிவிட்டு, என் மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தேன்.

மல்லிகா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தாள்.

"என்ன மாத்திரை அண்ணி இது?"

"தலைவலி மாத்திரைதான். போட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

போட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, "போச்சா? போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நீங்க போனாத்தான் அண்ணி அது போகும்" என்றாள்.

வலி போகவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். (நாத்தனாரின் வலியில் சந்தோஷப்பட்ட முதல் அண்ணி நான் இல்லை. விடுங்கள்.)

அடுத்த முறை ஆஸ்பத்திரி ஹாலில் ஆராய்ச்சிக்கு வந்த எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா, "இரைச்சல் எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டதுதான் தாமதம்.

"என்னுது டூப்பு மாத்திரைங்க! எங்க நாத்தனாருக்குக் குடுத்துப் பாத்துட்டேன். தலைவலி கொஞ்சங்கூடக் கேக்கல!"

மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பி வந்தார்.

பொன்மலையிலிருந்து வந்திருந்த ரிடையர்டு ரயில்வேக்காரர் தன் மாத்திரை ஒன்றைப் பிய்த்து, நறுக்கென்று கடித்தார். "கசக்குது. அப்ப என்னுது நெஜம்!" அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாவும் கடித்தார். "என்னுது இனிக்குதே" என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரம்மாவின் முகத்தில் அன்றுதான் கோபத்தைப் பார்த்தேன். "உங்க மாத்திரைய அவங்களுக்குக் குடுத்தீங்களா? அவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?" மல்லிகாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"இது வந்த வலிய நிறுத்தற மாத்திரை இல்லங்க. தினம் போட்டு வந்தா வலி வராம தடுக்கும். ஒரே ஒரு மாத்திரையில ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு வந்தது நெஜமாக்கூட இருக்கலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இனி ஆராய்ச்சியில் நான் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"போறேங்க. ஆனா எனக்கு இரைச்சல் ஒரு மண்ணும் குறையல. அதையாவது எழுதிக்குங்க."

ரயில்வேக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "டாக்டரம்மா, போன வாட்டி நான் பரவால்லன்னு சொன்னேன்ல? குறையலங்க. நீங்க அவ்வளவு அன்பா கேட்டீங்க. மூஞ்சியப் பாத்து எப்படி இல்லன்னு சொல்றது?"

அழுதுகொண்டிருந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானும் அப்படித்தாங்க சொன்னேன்" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு முதலிலிருந்து கேட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நீங்க பண்ணது பெரிய தப்புங்க. ஆனா நீங்க கத்தலேன்னா, இவங்க சொன்ன பரவால்லயெல்லாம் நான் நம்பியிருப்பேன்."

துரத்தப்பட்டவள் மாதிரியா நடந்தேன்? மாலை போட்டு அனுப்பியவள் மாதிரி பஸ் ஏறினேன்.

அந்த மாத்திரை இரைச்சலுக்குக் கேட்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாவை விரலால் தொட்டுச் சூடு பார்த்துக் கல்லைக் கொத்தப் பழகிவிட்டேன். மில் ஓடுகிறது.

வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. நடந்ததையெல்லாம் மல்லிகாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் வந்து சமைத்துப் போடும்போது, என் கணவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு வழக்கம்போல் "பரவால்ல" என்பார். அவள் கரண்டியோடு நிற்பாள். "அண்ணே, இது ஆஸ்பத்திரிப் பரவால்லயா, நெஜப் பரவால்லயா?"

மனிதர் இப்போதெல்லாம் "உப்பு கம்மி" என்று வாயைத் திறந்து சொல்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னால் திருத்த முடியாத ஆளை அந்த ஒரு கத்தல் திருத்திவிட்டது. காது இரைகிறது. இரையட்டும்.