ஜெரார் சாரின் குங்குமச் சிமிழ்

என் வீட்டில் பதினேழு குங்குமச் சிமிழ்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கடையில் வாங்கியதில்லை. கொலுவுக்குப் போனால் ஒன்று, வளைகாப்புக்குப் போனால் ஒன்று, கிரகப்பிரவேசத்துக்குப் போனால் இரண்டு (ஒன்று மாமியாருக்கு). ஆகவே மூடி போட்ட மஞ்சள் உலோக டப்பா எதைப் பார்த்தாலும், அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிடும். அந்தத் தெளிவுதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரகடத்தில் கார் கதவு பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் அப்போது எனக்கு ஆறு மாத அனுபவம். அதற்கு முன் நாளிதழ் நிருபர். ‘எதையும் கூர்ந்து பார்ப்பேன்’ என்று இன்டர்வியூவில் அளந்து வாங்கிய வேலை. புரொபேஷன் முடிகிற வாரம். ஆயுத பூஜை கழிந்த திங்கட்கிழமை ஆலைத் தலைவர் ஜெரார் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

ஜெரார் பிரான்சிலிருந்து புதிதாக வந்தவர். பூஜையில் தான் எதை வைப்பது என்று கேட்டிருந்தார். ‘உங்களுக்கு அருமையான எதையும் வைக்கலாம். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு’ என்று பதில் அனுப்பினேன். (இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

பூஜையன்று காலை ஒரு கிலோ குங்குமம் இருந்தது, கிண்ணத்தை மறந்துவிட்டேன். வாசலில் வாழைமரம் கட்டிவிட்டுத் திரும்பினால், பூஜை மேசையில் சந்தனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமிழ். உள்ளங்கை அளவு. விளிம்பெங்கும் கொடியும் பூவும். மூடியில் நீல எனாமலில் ஒரு பெண்ணும் ஆட்டுக்குட்டியும். கூர்ந்து பார்த்தேன். நல்ல வேலைப்பாடு, ஆனால் கவரிங் என்று தீர்மானித்தேன். குங்குமத்தை ரொப்பினேன்.

“இன்னா மா, அம்மன் ஆட்டுக்குட்டி வெச்சிகினு கீது?” என்றார் ஹவுஸ்கீப்பிங் செல்வி அக்கா.

“அது வடநாட்டு மாடல் அக்கா.”

அக்கா பயபக்தியுடன் அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு சிமிழ் ஊர்வலம் கிளம்பியது. பதினான்கு பிரஸ் மெஷின், இரண்டு ஃபோர்க்லிஃப்ட், கேன்டீன் கிரைண்டர், கடைசியாக பஸ்கள். பொரிப் பொட்டலத்துடன் எல்லோரும் கிளம்பிய பிறகு ஜெரார் வந்தார்.

“என் மூக்குப்பொடி டப்பா எங்கே?”

“என்ன டப்பா சார்?”

“தங்கம். என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவுடையது.”

“துடைக்க அனுப்பியிருக்கிறேன்.”

“ஐயோ, தண்ணீர் படக்கூடாது!”

“தண்ணீர் படாது சார்.” அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

ஓரமாகப் போய் பஸ் டிரைவர் ஏகாம்பரம் அண்ணனுக்கு போன் போட்டேன்.

“சிமிழா? என்னாண்டதான் கீது மா, டேஷ்போர்டுல. ஏர்றவங்க எல்லாம் இட்டுக்கினாங்க.”

“பஸ்ஸை நிறுத்துங்கண்ணே! பஸ்ஸை விட்டு எறங்காதீங்க! பஸ்...”

“பூஜை போட்ட வண்டி மா, நடுவுல நிக்கக் கூடாது. வல்லக்கோட்டை முருகனாண்ட பூசணிக்கா ஒடைக்கத்தான் நிக்கும்.”

திரும்பினால் ஜெரார் கார் சாவியுடன் நிற்கிறார். நான் பேசிய தமிழில் அவருக்குப் புரிந்தது ‘பஸ்’ மட்டும்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

வழியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வல்லக்கோட்டை கோயில் வளைவருகே பஸ் நின்றது. ஜன்னல்தோறும் சிவந்த நெற்றிகள். நாங்கள் இறங்கியதும் ஏகாம்பரம் அண்ணன் சிமிழோடு ஓடிவந்து, “வாங்க சார்!” என்று ஜெராருக்கும் ஒரு தீற்று தீற்றினார்.

ஜெரார் டப்பாவை வாங்கினார். பொட்டு வைத்த பெண்ணை நெடுநேரம் பார்த்தார். அதற்குள் மனதில் ராஜினாமா கடிதத்தை எழுதி ஒருமுறை திருத்தியும் விட்டேன். அவரோ இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, அவருடைய முன்னோர் செய்தது போலவே மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்தார்.

ஆறு தும்மல். (எண்ணினேன். நிருபர் புத்தி.) ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸே சேர்ந்து “நூறு!” என்று வாழ்த்தியது.

“எங்கள் வீட்டில் இது கண்ணாடிப் பெட்டியில்தான் இருந்தது. தொட்டாலே அப்பா அடிப்பார்,” என்றார், கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி. “எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வேலை செய்திருக்கிறது. திங்கட்கிழமை வரை எதற்கு? யூ ஆர் கன்ஃபர்ம்ட்.” ஏழாவது தும்மல்.

“இன்னா மா சொல்றாரு?”

“என் வேலையை கன்ஃபர்ம் பண்ணிட்டாராம்ணே.”

“தும்முனா கன்ஃபர்மா? பத்து வருஷமா நானும் தும்மிகினுதான் கீறேன், இன்னும் கான்ட்ராக்ட்லயே வெச்சிகீறாங்க!”

வேலைப்பாட்டு இடுக்குகளில் ஏறிய சிவப்பைத் துடைக்க ஜெரார் கடைசிவரை விடவில்லை. அப்படியே ஊருக்கு எடுத்துப் போனார்.

எங்கள் வீட்டில் இப்போது யார் தும்மினாலும் ‘நூறு’ சொல்வதில்லை, ‘கன்ஃபர்ம்’ என்கிறோம். போன மாதம் வகுப்பில் டீச்சர் தும்மியபோது என் மகள் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சரும் புரொபேஷனில் இருக்கிறாராம். என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்.