பாலைக் கண்டால் ஒளிரும்

தண்ணீரில் பால் இருக்கிறது என்றது திரை.

"தண்ணியில பாலா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "ஊர் உலகத்துல பால்லதான் தண்ணி இருக்கும். நம்ம மெஷின் எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லுது!"

"சிரிக்காதீங்கக்கா. மேடம் வந்துட்டிருக்காங்க."

அந்த ஆய்வுக்கூடத்தில் அவனுக்குப் பதட்டம் என்று பெயர். வைத்தவள் இந்த அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்ப்பவள். ஆனாலும் கூடப் பிறந்தவளுக்குரிய அத்தனை உரிமையோடும் கிண்டல் செய்வாள்.

அவர்கள் கம்பெனி தயாரிப்பது நுண்துகள். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துகளிலும் ஒரு வரிசை ஓட்டை உண்டு. அந்த வரிசைதான் அதற்கு அடையாளம். ஒரு வரிசை பாலை மட்டும் பிடிக்கும், இன்னொன்று சோப்பை, வேறொன்று வேர்க்கடலையை. எல்லாவற்றையும் ஒரே சொட்டில் கலந்துவிட்டால், தனக்கானதைப் பிடித்த துகள் மட்டும் ஒளிரும். மெஷின் ஓட்டைகளைப் படித்து, யார் ஒளிர்வது என்று திரையில் போட்டுக்கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கை தூக்குகிற மாதிரிதான். ஆனால் இங்கே யாரும் யாருக்காகவும் பொய்யாகக் கை தூக்குவதில்லை.

இன்று காலையில் ஒரு டிரைவர் வந்து சீல் வைத்த சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்கும் மேடம் அனுப்பியது. "சுத்தமான தண்ணீர். சோதித்து வையுங்கள், வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதலாளி அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தண்ணியில ஒண்ணும் இருக்காது. அதனால ஒண்ணும் ஒளிரக் கூடாது. இந்த ஆர்டர் கிடைச்சா உன் வேலை நிரந்தரம். கிடைக்கலேன்னா கம்பெனியே நிரந்தரம் இல்ல."

வீட்டில் கைக்குழந்தை. வேலையோ தற்காலிகம். பதட்டம் பதறாமல் என்ன செய்வான்?

காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டான். யோசனை வராதபோது அவன் கை தானாக அங்கே போய்விடும். பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

"பாப்பா காலையில புட்டிப் பாலை என் மேல கக்கினாளே, எங்க கக்கினா?"

"தோள்ல. இதைக் கேக்கவா ஆபீஸ்லேர்ந்து போன் பண்றீங்க?"

"சட்டையை மாத்திட்டேன்ல?"

"பனியனைக்கூட மாத்திட்டுத்தான் போனீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அப்படியானால் பால் அவனுடையது இல்லை. கண்ணாடிக் குழாயில் ஏதோ ஒட்டியிருக்க வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, மறுபடி சோதித்தான்.

பால், சோப்பு.

"அலசவே இல்லையா?" என்றாள் அக்கா.

"அவசரத்துல..."

"ஸ்பிரிட் ஊத்தித் துடை. எல்லாம் போயிடும்."

ஊற்றித் துடைத்தான். சோப்பு போகவில்லை, ஸ்பிரிட் வந்து சேர்ந்துகொண்டது. திரையில் இப்போது மூன்று பேர்.

"தம்பி, உன் கோட்டுல ஏதாவது இருக்கும். இந்தா, என்னோடதைப் போட்டுக்க."

அவன் வாங்கி மாட்டிக்கொண்டு, காதைச் சொறிந்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து அவளுடைய பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு, மறுபடி சோதித்தான்.

பால், சோப்பு, ஸ்பிரிட், வேர்க்கடலை.

"அக்கா!"

"பசிக்குதுன்னு கொஞ்சம் பையில வச்சிருந்தேன்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. "பாரேன், உப்புக் கடலையைக்கூட விடல. நல்ல மெஷின்தான்."

புட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனைக்கான தண்ணீர். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரிக்காத புதுக் குழாயை எடுத்தான். புதுக் கோட்டு, புதுக் கையுறை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டான். எதையாவது மறந்தோமா என்று காதுக்குப் பின்னால் சொறிந்தபடி ஒரு முறை யோசித்தான். மறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டை விட்டான்.

சோப்பு இல்லை. ஸ்பிரிட் இல்லை. வேர்க்கடலை இல்லை.

பால் இருந்தது.

"மெஷினை அணைச்சிடு" என்று அக்கா கிசுகிசுத்தாள். "கரண்ட் இல்லேன்னு சொல்லிக்கலாம்."

அவன் கை ஸ்விட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. இந்த மெஷினை நம்பித்தான் நாளைக்கு யாரோ ஒரு நோயாளி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறான். கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் கதவு திறந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "மேடம், இது என்னன்னா... பையன் புதுசு..."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"பாலா?"

"ஆமாங்க மேடம்" என்றான் பதட்டம். "எத்தனை தடவை பார்த்தாலும் பால்தான் வருது. மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? இதுவரைக்கும் ஆறு கம்பெனிக்குப் போய்ட்டு வந்தேன். ஆறு பேரும் வெறும் தண்ணின்னு சத்தியம் பண்ணாங்க. ஒவ்வொரு புட்டியிலயும் ஒரே ஒரு சொட்டு பால் கலக்கச் சொல்லியிருந்தேன். கண்டுபிடிச்சது நீங்க மட்டும்தான். ஆர்டர் உங்களுக்குத்தான்!"

முதலாளி ஒரு நொடியில் முகத்தை மாற்றிக்கொண்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே மேடம், பையன் கெட்டிக்காரன்னு! இனிமே இவன் நிரந்தரம்."

அக்கா கோட்டுப் பையிலிருந்த மிச்சக் கடலையை எல்லோருக்கும் நீட்டினாள். பதட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் படிகளில் தாவி இறங்கி ஓடினான். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

டிரைவர் கார்க் கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆர்டர் எங்களுக்குத்தான்! தண்ணியில பால் கலந்திருக்கறதை நாங்க மட்டும்தான் கண்டுபிடிச்சோம்!"

டிரைவரின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்கிட்ட சொல்லிடாதீங்க சார். கலக்கச் சொல்லிக் குடுத்த பாலை மொத நாளே காபியில ஊத்திக் குடிச்சிட்டேன், ஏழு கம்பெனிக்கும் நான் குடுத்தது வெறும் தண்ணிதான்... அது சரி, உங்க காதுக்குப் பின்னால என்ன சார், வெள்ளையா காய்ஞ்சு கிடக்கு?"