நதானியேல் ஐயாவின் நுரைத் தீர்த்தம்

ஆவணி வெயிலில் கொழும்புத்துறைக் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்க, நதானியேல் ஐயாவின் வளவில் மட்டும் தரையைப் பிளந்துகொண்டு ஊற்று வந்தது. சும்மா ஊற்றா? நுரை பொங்கும் ஊற்று! மல்லிகை மணக்கும் ஊற்று! அரியாலையிலிருந்து ஓட்டோ, திருநெல்வேலியிலிருந்து வான் வண்டி. வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமே இல்லை. கையில் வெறும் போத்தல் இருந்தால் எல்லோரும் உறவு. ஐயா ஏற்கெனவே வளவோரம் 'அருளகம்' என்று மாடிவீடு கட்டி அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்; தூரத்துச் சனம் அங்கே தங்கியது. சனம் பெருகப் பெருக ஊற்றும் பெருகியது. விசுவாசத்தின் பலன் என்றார் ஐயா.

பெர்னடெட்டுக்கு அந்த விசுவாசத்தை நினைத்தாலே பற்றி எரிந்தது. அவள் புருஷன் கிறிஸ்துநாயகம், வயிற்றுப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையை எறிந்துவிட்டு இந்தத் தண்ணீரையே குடித்தான். இப்போது கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்து பாதி ஆளாகிவிட்டான்.

"இஞ்சாருங்கோ, உந்தத் தண்ணி உங்களைக் கொண்டுபோகப் போகுது."

"விசர்க்கதை கதையாதையும். வயித்துக்குள்ளை இருக்கிற பிசாசு இறங்குதெண்டு ஐயா சொன்னவர்."

"இவ்வளவு தரமோ இறங்கும்? பிசாசு என்ன, குடும்பத்தோடையோ குடியிருந்தது?"

ஞாயிறு பூசைக்கு அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தோய்க்கக் குந்தியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அந்த மல்லிகை மணம் சவர்க்காரத் தூளின் மணம்! அருளகத்துக் கழிவுநீர் போய் விழும் குழிக்கு அடித்தளமும் இல்லை, வடிகட்டலும் இல்லை. கீழே முழுக்க வெடிப்பு விட்ட சுண்ணாம்புக்கல்; அதற்குள்ளால் ஊறிய கழிவுநீர்தான் ஊற்றாகப் பொங்குகிறது! சட்டைக்குப் போட வைத்திருந்த சொட்டு நீலப் போத்தலை எடுத்துக்கொண்டு அருளகத்துக்குப் போனாள். யாரும் பாராத நேரத்தில், தோய்க்கிற இடத்து வாய்க்காலில் முழுவதையும் கவிழ்த்து ஊற்றினாள்.

மறுநாள் காலை ஊற்று நீலமாக வந்தது. சனம் இரண்டடி பின்வாங்கியது. நதானியேல் ஐயாவா அசருவார்?

"மாதாவின்ரை முக்காட்டு நிறம், பிள்ளையள்!" என்று கையை விரித்தார். சைவக்காரர் முழிப்பதைக் கண்டதும், "நீலகண்டன்ரை நிறமும் இதுதான்!" என்று சேர்த்துக்கொண்டார்.

சனம் முண்டியடித்தது. முன்வரிசையில் கிறிஸ்துநாயகம். பெர்னடெட் அவன் நிரப்பிய போத்தலைப் பறித்து ஐயாவிடம் நீட்டினாள்.

"முதல் மிடறு நீங்கள் குடியுங்கோ, ஐயா."

"நான்... நான் இண்டைக்கு உபவாசம்."

"அப்ப நேற்று? ஐயா இந்தத் தண்ணி குடிச்சு ஆராவது கண்டனீங்களோ?"

ஒருவரும் கண்டதில்லை. கடைத் தண்ணீர்ப் போத்தல்கள் பெட்டி பெட்டியாக அவர் வீட்டுக்குள் போவதைத்தான் கண்டிருந்தார்கள்.

பெர்னடெட் வெறும் நீலப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "மாதாவின்ரை முக்காடு இதுக்குள்ளைதான் இருந்தது. அருளகத்து வாய்க்காலிலை நேற்று நான்தான் ஊத்தினனான். நீங்கள் குடிச்சது நீங்கள் படுத்த பெட்சீற் தோய்ச்ச தண்ணி. கக்கூசுக் குழியும் சேர்த்தி."

வேலியோரம் முழுக்க ஓங்காளிக்கும் சத்தம். அந்தச் சந்தடியில் ஐயா வான் ஒன்றில் ஏறிப் போய்விட்டார். கடைசியாக நிமிர்ந்த கிறிஸ்துநாயகம் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"நான் எறிஞ்ச குளிசையை எடுத்து வைச்சனீரோ?"

"ஓம்," என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகு ஊர் கூடி அந்தக் குழிக்குச் சீமெந்து கட்டியது. கழிவுநீர் இப்போது சரளைக்கல்லும் நாணலும் நிறைந்த பாத்தியால் வடிந்து தென்னைக்குப் போகிறது. அதற்கும் ஒருவர் போத்தலோடு வந்து நின்றாராம்!

கண்ணை மூடிக் கும்பிடுங்கள், அது உங்கள் பாடு. குடிக்கும்போதாவது மூக்கையும் மூளையையும் திறந்து வையுங்கள்!