சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டிய தண்ணீர்

வலி வந்தாலும் வெளியே சொல்ல முடிகிற இடத்தில் வர வேண்டும். அந்தப் பாக்கியம் எனக்கு இல்லை. (பல்வலி என்றால் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். மூலம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.)

மாமனார் இறந்த வாரத்தில்தான் எனக்கு அது முற்றியது. அவர் பர்மியர். தமிழச்சியான மாமியார் முன்பே போய்விட்டார். ஒரே பிள்ளை என் மனைவி நிலா. க்யிம்யிண்டைங் பேட்டையில் அவர் வீட்டுப் பாயில் நாலு நாள் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களோடு சூரியகாந்தி விதை கொறித்து, காரக் குழம்பை வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்குள் நிலா என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். "எங்கப்பா உங்கள மகன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வாரு. அவரத் தூக்கிட்டுப் போறப்ப உங்க கண்ணுல ஒரு சொட்டு வரலயே? ஏழாம் நாளு தண்ணியாவது ஒழுங்கா ஊத்துங்க."

ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவு கொடுத்த பிறகு, அவர்கள் ஓத ஓத, வீட்டு ஆள் ஒருவர் சின்னக் கூஜாவிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தப் புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேரும். ஓதி முடியும்வரை கூஜா காலியாகக் கூடாது. ஊற்றுகிறேன் என்று அவள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தேன்.

பக்கத்துப் பேட்டையான அலோனில் ஒரு டாக்டரம்மா அன்றைக்கே அந்த இடத்தில் ஊசி போட்டு மரக்க வைத்து வெட்டி எடுத்தார். (எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றார். எந்த ஊர் எறும்போ!) மாத்திரையும் மரத்துப்போகிற களிம்பும் கொடுத்தார்.

"இந்தக் களிம்பு வலியை மறைக்கும், புண்ண ஆத்தாது. கொஞ்ச நேரந்தான் தாங்கும். சும்மா சும்மா அள்ளிப் பூசவும் கூடாது. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க, சுடுதண்ணியில உக்காருங்க."

"பாயில உக்காரலாமா டாக்டர்?"

"உங்களுக்கு நான் பேசினது காதுல விழுந்துச்சா?"

வீட்டில் முதுகுப் பிடிப்பு என்று புளுகினேன். ஏழாம் நாள் காலை எட்டரைக்குக் களிம்பைப் போட்டேன். ஆகா, வலி போன இடம் தெரியவில்லை! புண் ஆறிவிட்டது என்றே முடிவு கட்டி, மாத்திரையைத் தொடவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. புத்தி எட்டு வயதில் நின்றிருந்தது.

ஒன்பதுக்கு வர வேண்டிய பிக்குகள், மழையில் தெரு முழங்கால் ஆழம் ஆனதால் பத்துக்கு வந்தார்கள். மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். மூன்றாவது முறை எழும்போதே அங்கே யாரோ மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். பிக்குகள் சாப்பிட்டு முடித்து, உபதேசம் ஆரம்பமானபோது மிளகாயை அரைத்து முடித்துப் பூசியும் ஆகிவிட்டது. எழுந்து போகலாம் என்றால் நிலா என் கையில் கூஜாவைக் கொடுத்துவிட்டாள்.

நாலைந்து சொட்டு ஒழுங்காகத்தான் விட்டேன். அப்புறம் ஒரு வெட்டு. கை உதறி, கூஜாத் தண்ணீர் அத்தனையும் ஒரே கொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. ஓதுவது பாதிகூட ஆகவில்லை.

"ஐயோ! எங்கப்பாவுக்கு என்னங்க மிச்சம்?" என்றாள் நிலா, அழுகிற குரலில்.

காலிக் கூஜாவைச் சாய்த்தபடியே கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டேன். வேறு எப்படி உட்கார்ந்தாலும் உயிர் போனது. கண்ணீர் மூக்கு வழியே இறங்கிக் கிண்ணத்தில் விழுந்தது, சொட்டுச் சொட்டாக. ஓதி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்கிற கடைசி "சாது, சாது, சாது" வரைக்கும் அது நிற்கவில்லை.

"மாமாவுக்கு மகன் இல்லன்னு எவன் சொன்னான்!" என்று நிலாவின் சின்னம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். வீடே அழுதது.

மாலையில் நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க." அதைத்தான் தாங்க முடியவில்லை. களிம்புக் குழாயை எடுத்து அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் போனில் சின்னம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா போனபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. என் மானம் போனது பற்றி வருத்தமே வரவில்லை.

ஒன்று மட்டும் அவளிடம் பிறகு சொன்னேன். அழ ஆரம்பித்தது புண்ணுக்காகத்தான். ஆனால் நடுவில் தலையை மட்டும் தூக்கியபோது எதிரே மாமனாரின் படம். நான் வேலையில்லாமல் நின்ற வருஷம், "சாப்பிட்டியா மகனே" என்பதைத் தவிர வேறு ஒரு கேள்வி கேட்காத மனுஷன். அதற்கு மேல் விழுந்த சொட்டெல்லாம் அவருக்கு. நிலா நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும், "களிம்பு போட்டியா, போடாம வந்தியா?" என்றுதான் வரவேற்பு. சின்னம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, பிள்ளை கிடையாது. போன வாரம்கூட என் கையைப் பிடித்துச் சொன்னார்: "எனக்கும் நீதான்டா ஊத்தணும். களிம்ப நல்லாப் பூசிக்கிட்டு வா. அப்பயும் உனக்கு அழுகை வருதான்னு பாக்கணும்."