சேலத்துக்கு மட்டம் பார்த்தவர்

சேலம் நகரம் கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் ரசமட்டம்தான். இரண்டாவதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவர் தச்சர். அவர் தோள்பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். ஒரு சாண் மரக்கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் இடம் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படி அது நின்று அவர் திருப்தியடைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் இலையை எடுத்துவிட்டு மேஜையை அளந்த மனிதர். ஊரே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டது.

நான் அப்போது கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசி. சாயங்காலம் மன்றத்தில் கேரம் ஆடுவோம். எனக்கு ஜோடி அவர்தான். சேலத்தில் இரண்டு நாள் கேரம் போட்டி, ஜெயிக்கிற ஜோடியை மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் அனுப்புவார்கள் என்று செய்தி வந்தது. மன்றச் செயலாளர் எங்கள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. பஸ் ஏறும் முன்பே மெரினா மணலில் மனசுக்குள் நாலைந்து தடவை நடந்து முடித்திருந்தேன்.

முதல் நாள் காலை இரண்டு சுற்று ஜெயித்தோம். அடுத்த சுற்று மூன்று மணிக்கு.

"வாங்க சாமி, ஊரப் பாத்துட்டு வந்தரலாம்" என்றார் ரசமட்டம்.

நாங்கள் பார்த்த சேலத்தை வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. மெஸ்ஸில் சாப்பாடு வருவதற்குள் மேஜையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"ஏனுங்க, ரசம் ஊத்துனா எம்பட மடியிலதான் உழுகும். காலுக்கு அடியில ஒரு சில்லு வெக்கக் கூடாதுங்களா?"

"சாப்புட வந்தியா, ரிப்பேருக்கு வந்தியா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். பாயசம் எங்களைத் தாண்டிப் போனது.

மணிக்கூண்டின் படியை அளந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பெஞ்சை அளந்தார். ஊரே கிழக்கே சாய்கிறது என்றார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குள் கேட்காமல் நுழைந்து தராசுப் பலகையை அளந்தார். அடி விழப்போகிறது என்று நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆனால் பட்டறைக்காரர் குமிழியை உற்றுப் பார்த்தார், பலகைக்கு அடியில் தகரத்துண்டு ஒன்றைச் சொருகினார், மறுபடி பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். ஒன்றுக்கு இரண்டாக.

ஹாலுக்குத் திரும்பும்போது மூன்றேகால். நடுவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே ரசமட்டம் எங்கள் போர்டில் கருவியை வைத்தார்.

"இது கேரம் போர்டுங்களா, சறுக்குப் பலகைங்களா?"

நடுவர் அதைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்து ஆடினார் என் ஜோடி. அப்படியும் ஜெயித்தோம்.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே மேட்டூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி. ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் நாங்கள் முன்னால் இருந்தோம். அதற்குக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். என் வலது மூலைக் குழி காயை இழுத்தது. லேசாகத் தட்டினால் போதும், தானாகப் போய் விழுந்தது. மெட்ராஸ் ரயிலின் ஜன்னலோர சீட்டு கண்ணுக்குத் தெரிந்தது.

ரசமட்டம் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் போர்டைத் தடவினார்.

"சார், அந்தக் கருவியக் கொஞ்சம் குடுங்க."

"ஆடுய்யா!"

"ஆடிக்கலாமுங்க. அந்த மூலை இறங்கியிருக்குது. அதுலதான் எம்பட ஜோடிக்குக் காய் உழுகுது. மேட்டூர்க்காரங்களுக்கு இது தெரியலீங்க."

எனக்குப் போர்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. நடுவர் டிராயரைத் திறந்து, கருவியைத் தானே வைத்துப் பார்த்தார். போட்டி நோட்டீஸை நாலாக மடித்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு நான் தட்டிய காய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போனது. கடைசிக் காயில் மேட்டூர் ஜெயித்தது.

பஸ்ஸில் ராசிபுரம் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"கோவமுங்களா சாமி?"

"மெட்ராஸ் போயிருக்கலாமுங்ணா."

"போயிருக்கலாமுங்க." பையிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தத் தம்பிக்காரன் கை நல்ல கைங்க. சரியான போர்டுல அவன் ஆடுனா எப்படியிருக்கும்னு பாக்கோணும்னு இருந்துச்சு. பாத்துட்டனுங்க."

பார்த்துவிட்டாராம். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். இந்த மனிதரோடு இனி ஆடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த வருஷம் அதே போட்டிக்கு விண்ணப்பத்தாள் வந்தது. செயலாளர் ஊரில் இல்லாததால் நானே பூர்த்தி செய்தேன். ஜோடி என்ற இடத்தில் பேனாவை வைத்த பிறகுதான், அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. வெளியே நல்ல மழை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, அதைக் கேட்கப் பட்டறைக்குப் போனேன்.