மாமனாருக்கு மிதக்குற படித்துறை செஞ்ச கதை

மாமனாரோட வாழைத்தோட்டத்துக்கு மிதக்குற படித்துறை ஒண்ணு செஞ்சு குடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

யாரும் கேக்கல. நானாத்தான் போய்ச் சொன்னேன்.

அப்ப நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். வைகாசியில கல்யாணம். ஆடி பொறந்ததும் மாமனார் வந்து மரகதத்தை ஜீயபுரத்துக்கு அழைச்சிட்டுப் போயிட்டார். ஆடி முடியுற வரைக்கும் புதுசா கட்டிக்கிட்டவங்க சேர்ந்து இருக்கக் கூடாதாம். எனக்குக் குவார்ட்டர்ஸ்ல சோறே எறங்கல.

அந்த நேரம் பாத்து காவேரியில புதுத் தண்ணி வந்துச்சு. கரையெல்லாம் சேறு. பரிசல்ல வாழைத்தார் ஏத்துற ஆளுங்க வழுக்கி விழறாங்கன்னு மாமனார் புலம்பினார். நான் அந்தப் பேச்சைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்.

"காலி டிரம் மேல பலகை அடிச்சு, மூணு துண்டா செஞ்சுடலாம் மாமா. போல்ட்டு போட்டு இணைச்சா படித்துறை. தண்ணி ஏறினா அதுவும் ஏறும். வெள்ளம் வந்தா கழட்டிக் கரையேத்திடலாம்."

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

"ஆனா ஞாயித்துக்கிழமை தோறும் நான் வந்து சரிபார்க்கணும்."

மாமனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தலையாட்டினார்.

முதல் ஞாயிறு கொண்டுபோய் மாட்டினேன். அம்சமா மிதந்துச்சு. மரகதம் வாழைமரத்துக்குப் பின்னாலேர்ந்து சிரிச்சா. வாரம் பூரா எனக்கு அதே நெனப்பு.

அடுத்த ஞாயிறு போனா, சரிபார்க்க ஒண்ணுமே இல்ல. பாவி, அவ்வளவு ஒழுங்கா செஞ்சு வெச்சிருக்கேன். மரகதம் வர்ற வரைக்கும் பொழுதை ஓட்டணுமே. கடைசித் துண்டு மேல உக்காந்து ஒரு போல்ட்டைக் கழட்டுவேன், எண்ணெய் போடுவேன், திரும்ப மாட்டுவேன்.

மோர்ச் செம்போட அவ வந்து பக்கத்துத் துண்டு மேல நின்னா.

"இன்னும் முடியலையா?"

"இதெல்லாம் ரொம்பக் கவனமா செய்யுற வேலை மரகதம்," அவ முகத்தையே பார்த்துகிட்டு ஸ்பானரைத் திருப்பினேன். கழட்டினதை மாட்டாமலே மிச்சத்தையும் கழட்டிட்டேன் போல.

"என்னங்க, போறீங்களே."

"இப்ப எங்க? சாயங்கால வண்டிக்குத்தானே."

"ஐயோ, ஆத்தோட போறீங்க!"

குனிஞ்சு பார்த்தா எனக்கும் அவளுக்கும் நடுவுல வெறும் தண்ணி. டிரம்மும் நானும் ஸ்பானரும்தான். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு பொண்ணு பாக்கப் போனப்ப யாரும் கேக்கல, நானும் சொல்லல. பலகையைக் கட்டிப் பிடிச்சுகிட்டு ரங்கநாதரைக் கூப்பிட்டேன். கொஞ்ச தூரத்துல நாணல்ல சிக்கி நின்னேன். பரிசல்காரர் வந்து கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார். தோட்டத்து ஆளுங்க மொத்தப் பேரும் கரையில நின்னு வேடிக்கை பார்த்தாங்க.

மாமனார் ஒரு வார்த்தை திட்டல. "மோரைக் குடிங்க மாப்பிள்ளை" அப்படின்னார். அதோட சரி.

அதுக்கடுத்த ஞாயிறு. குளிச்சு, தலை சீவி, ஜீயபுரம் பாசஞ்சருக்குக் கிளம்பினேன். வாசல்ல ஒரு மாட்டு வண்டி நிக்குது. மேல என் படித்துறை, மூணு துண்டா, கயிறு போட்டுக் கட்டி.

வண்டிக்காரர் எறங்கி வந்தார். "ஐயா சொல்லிவிட்டாருங்க. மாப்பிள்ளை வாராவாரம் அலைய வேண்டாமாம். சரிபார்க்குறதை இங்கேயே வெச்சு நிதானமா பாப்பீங்களாம். ஆடி முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறாராம்."

மாமனார் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு செய்யுறதா இருந்தா, தயவு செஞ்சு அதைக் கழட்ட முடியாத மாதிரி செய்யுங்க.