மகாராணி நின்ற இடம்

அன்று காலையில் ஒரு சபதம் எடுத்தேன். இனி நான் குதிரைமேல் இருக்கும்போது என் மனைவி எனக்கு ஃபோன் பண்ணக் கூடாது. சபதம் எடுக்க ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. அதை அவளிடம் சொல்லும் தைரியம் ராத்திரிச் சமையல் வேளைக்குத்தான் வந்தது.

நான் குதிரைப் பயிற்சியாளன். சாட்டையைத் தொட மாட்டேன். சேணத்தில் ஏறினதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். என் பேச்சைக் கேட்காத குதிரை கிடையாது. வீட்டில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

முதலாளி தன் மகளுக்காக ஒரு பெண் குதிரையை வாங்கி என்னிடம் ஒப்படைத்திருந்தார். பெயர் மகாராணி. கடிவாளத்தை இழுக்காமல் குரலுக்கே நின்றால் குழந்தையை ஏற்றலாம், எனக்குத் தலைமைப் பயிற்சியாளர் பதவி. நிற்காவிட்டால் குதிரையை விற்றுவிடுவார். என்னையும் வைத்துக்கொள்ள மாட்டார் என்று அவர் முகம் சொல்லிற்று.

மகாராணி நன்றாகவே நின்றுகொண்டிருந்தது. இடைஞ்சல் ஃபோன்தான். இரண்டு கையிலும் கடிவாளம் இருக்குமே என்று, அழைப்பு வந்தால் தானாகவே எடுத்து ஸ்பீக்கரில் பேசும்படி அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். திடீரென்று என் நெஞ்சுக்குள்ளிருந்து "ஏங்க" என்று குரல் வரும். "நில்" என்பேன். அவள் பேசி முடிக்கும்வரை மகாராணி அசையாது. என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

"நீ கூப்பிட்டா குதிரைக்குக் கவனம் கலையுது" என்றேன்.

"குதிரைக்கா, உங்களுக்கா?"

"அது நுட்பமான பிராணி. என் குரலை மட்டும்தான் கேக்கணும்."

"அப்படி என்னதான் பேசுவீங்க அதுகிட்ட?"

"வாடி தங்கம், மெல்லடி ராஜாத்தின்னு..."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"இந்த வீட்ல அந்த வார்த்தையெல்லாம் என் காதுல விழுந்ததே இல்லையே."

"நீ என்ன குதிரையா?"

அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. "சரிங்க, இனிமே பண்ணல" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்த முதல் வழக்கு. அன்றைக்கு ரொம்ப நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃபோன் நின்றது. மகாராணி நிற்பதும் நின்றது. "நில்" என்றேன், ஓடிற்று. கொஞ்சினேன், ஓடிற்று. கும்பிட்டேன், இன்னும் வேகமாக ஓடிற்று. மறுநாள் முதலாளி வருகிறார் என்ற நிலையில், வெட்கத்தை விட்டு மனைவியிடம் சொல்லி அழுதேன்.

"எப்பலேர்ந்து நிக்கல?"

"நீ ஃபோனை நிறுத்தினதுலேர்ந்து."

"ஓஹோ" என்றாள். கொஞ்ச நேரம் எதையோ யோசித்துச் சிரித்தாள். "நாளைக்கு நானும் வேடிக்கை பாக்க வரேன்."

வந்தாள். வேலியோரம் முதலாளிக்கும் அவர் மகளுக்கும் பக்கத்தில் போய் நின்றாள். நான் மைதானத்தில் மகாராணியைக் கிளப்பினேன். நடந்தது, ஓடிற்று, பறந்தது. வேலி நெருங்கிற்று. "நில்! தங்கம், நில்லு! தாயே!" என்று கத்தினேன். முதலாளி மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். என் பதவி, வேலை, பல் எல்லாமே போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏங்க" என்றாள் என் மனைவி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

மகாராணி ஆணி அடித்தாற்போல் நின்றது. குழந்தை கை தட்டியது. முதலாளி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னைலேர்ந்து நீங்கதான் தலைமைப் பயிற்சியாளர்" என்றார். மகாராணி விற்பனைக்கு இல்லை என்றார். உலகத்தையே ஜெயித்துவிட்டேன். மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

"அதெப்படிம்மா, நீங்க கூப்பிட்டதும் நின்னுச்சு?" என்று முதலாளி அவளைக் கேட்டார்.

"ஃபோன்ல நான் 'ஏங்க'ம்பேன். இவர் பதறிப்போய்க் கடிவாளத்தை இழுப்பார். குளம்புச் சத்தம் நிக்கிறது எனக்கே கேக்கும். தினமும் அப்படித்தான். அதுவே அதுக்குப் பழக்கமாயிடுச்சு."

முதலாளி என்னைப் பார்ப்பதற்குள் மகாராணியைப் பிடித்துக்கொண்டு லாயத்துப் பக்கம் நழுவினேன்.

"ஏங்க."

மகாராணியும் நானும் சேர்ந்தாற்போல் நின்றோம்.

"அடேயப்பா" என்றார் முதலாளி. "இப்படிப் பழக எத்தனை நாளாச்சும்மா?"

"குதிரைக்கு மூணு மாசம் ஆச்சுங்க. இவருக்கு ஒரே வாரம்."